முன்தேதியிட்ட ஆவணங்கள்: இழப்பு யாருக்கு?

2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாகிஸ்தானின் அரசியலை ஓர் எழுத்துரு உலுக்கியது. அப்போதைய பிரதமர் நவாஸ் ஷெரீபின் குடும்பத்தினருக்கு லண்டனில் அடுக்குமாடி வீடுகள் எவ்வாறு வந்தன என்பதைக் கூட்டு விசாரணைக் குழு ஒன்று ஆராய்ந்து வந்தது. அக்குழுவிடம் அவரது மகள் மரியம் நவாஸ் தரப்பில் அளிக்கப்பட்ட பொறுப்பாட்சிப் பத்திரம் ஒன்றில் 2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தேதி காணப்பட்டது. ஆனால் அப்பத்திரம் அச்சிடப்பட்டிருந்த கலிப்ரி என்னும் எழுத்துரு, 2007ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில்தான் பொதுச் சந்தைக்கு வந்தது என்று லண்டனைச் சேர்ந்த தடயவியல் ஆவண நிபுணர் கருத்துத் தெரிவித்தார். சோதனைப் பதிப்பின் மூலம் அந்த எழுத்துரு அதற்கு முன்பே பலருக்குக் கிடைத்திருந்தது என்று மரியம் தரப்பு வாதிட்டது. 2018 ஜூலையில் சிறப்பு நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 2022 செப்டம்பரில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2024 பிப்ரவரியில் அவர் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண முதலமைச்சரானார்.

அவ்வழக்கின் அரசியல் ஒருபுறம் இருக்க, ஒரு தாளில் எழுதப்பட்டுள்ள தேதிக்கும் அது உண்மையில் எழுதப்பட்ட தேதிக்கும் இடையே உள்ள இடைவெளி எத்தனை பெரிய கேள்விகளை எழுப்ப வல்லது என்பதை அது உலகுக்குக் காட்டியது. இந்தக் கேள்விகள் பிரதமர்களின் குடும்பங்களோடு நின்றுவிடுவதில்லை. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடு, மகளுக்குச் சேர வேண்டிய பங்கு, வெளிநாட்டில் வாழ்பவரின் ஊர்க்காணி ஆகிய பலவும் ஒரு தேதியைப் பற்றி நிற்கின்றன.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழகத்தில் தேதி என்றும் காப்பீடு என்றும் வழங்குபவை இலங்கையில் திகதி, காப்புறுதி என்று வழங்குகின்றன. இதில் குழப்பம் இல்லை. ஆனால் 'முன்தேதியிட்ட' என்ற சொல்லைச் சிலர் கடந்துபோன நாளைக் குறிக்கவும், வேறு சிலர் வரப்போகும் நாளைக் குறிக்கவும் ஆளுகின்றனர். அரசாணைகளில் 'முன்தேதியிட்டு ஊதிய உயர்வு' என்று வருவது கடந்த நாளையே குறிக்கிறது. இக்கட்டுரையிலும் அதுவே பொருள்.

முன்தேதியிடுவது எல்லாமே குற்றம் என்று கருதுவது தவறு. ஓர் ஒப்பந்தம் இன்று கையெழுத்தாகி, 'ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது' என்று வெளிப்படையாகக் கூறுமானால் அதில் பொய் எதுவும் இல்லை. அரசுகளே அவ்வாறு செய்கின்றன. வோடஃபோன் நிறுவனத்துக்கு ஆதரவாக இந்திய உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்த பின்னர், அதே ஆண்டில் நாடாளுமன்றம் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி, அத்திருத்தம் 1962ஆம் ஆண்டிலிருந்தே இருந்ததாகக் கொள்ளவேண்டும் என்றது. ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்ற அந்த ஏற்பாடு கடுமையாக விமர்சிக்கப்பட்டு, 2021இல் கைவிடப்பட்டது. ஆயினும் அதை எவரும் மோசடி என்று கூறவில்லை. காரணம், அது எந்த நாளில் இயற்றப்பட்டது என்பது மறைக்கப்படவில்லை. நடைமுறைக்கு வரும் நாள் ஒன்று, கையெழுத்திட்ட நாள் வேறொன்று. முன்னதை விருப்பம் போல் நிர்ணயித்துக்கொள்ளப் பல சமயங்களில் சட்டம் இடமளிக்கிறது. பின்னதை மாற்றி எழுதுவதுதான் சிக்கல்.

கடலில் தொலைந்த கப்பல்

காப்பீட்டுத் துறையில் இந்த வேறுபாடு மிகப் பழமையானது. தந்தியும் வானொலியும் இல்லாத காலத்தில், தொலைதூரத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல் பற்றி லண்டன் வணிகருக்குப் பல மாதங்கள் செய்தி இராது. அவர் இன்று காப்பீடு எடுக்கும்போது கப்பல் ஏற்கனவே மூழ்கியிருக்கவும் கூடும். இதற்காகவே 'தொலைந்திருப்பினும் தொலையாதிருப்பினும்' என்று பொருள்படும் வாசகம் ஒன்று பாலிசிகளில் சேர்க்கப்பட்டது. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டமும் அதைப் பின்பற்றியது. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் கப்பல் தொலைந்துவிட்டதை வணிகர் அறிந்திருந்து, காப்பீட்டாளர் அறியாதிருந்தால் பணம் கிடையாது.

அதாவது நடந்து முடிந்த நிகழ்வுக்குக் காப்பீடு அளிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதையே தடுத்தது.

இருவருக்கும் தெரிந்திருந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு விசித்திரமான உதாரணம் உண்டு. 1980ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி காலையில் லாஸ் வேகஸ் நகரின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீப்பிடித்து 85 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் மேல்மாடிகளில் புகையால் மூச்சுத்திணறி இறந்தனர். ஹோட்டல் நிறுவனத்திடம் அப்போது இருந்த பொறுப்புக் காப்பீடு சுமார் 3 கோடி டாலர். வரவிருந்த வழக்குகளுக்கு அது போதாது என்பது வெளிப்படை. தீ அணைந்த பின்னர் நிறுவனம் கூடுதலாகச் சுமார் 17 கோடி டாலருக்குக் காப்பீடு வாங்கியது. அது நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி, அதாவது தீ விபத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன். இதற்கான பிரீமியம் சுமார் 4 கோடி டாலர்.

எரிந்து முடிந்த கட்டடத்துக்குக் காப்பீடு அளித்த நிறுவனங்கள் ஏமாந்துவிடவில்லை. தீ பற்றி அவை முழுமையாக அறிந்திருந்தன. அமெரிக்காவில் அப்போது வட்டி விகிதம் வரலாறு காணாத உச்சத்தில் இருந்தது. வழக்குகள் முடியப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் பிரீமியத் தொகையை முதலீடு செய்து இலாபம் ஈட்டிவிடலாம் என்பதே அவற்றின் கணக்கு. ஆனால் ஹோட்டல் நிறுவனம் பாதிக்கப்பட்டோருடன் விரைவாகச் சமரசம் செய்துகொண்டது. அவசரப்பட்டு அதிகத் தொகை கொடுத்துவிட்டதாகக் கூறிக் காப்பீட்டாளர்கள் பணம் தர மறுக்க, விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. பின்னர் 1989இல், இத்தகைய ஏற்பாட்டில் இடர் எதுவும் கைமாறவில்லை என்பதால் வரிச் சட்டத்தின் நோக்கில் அது காப்பீடே அல்ல என்று அமெரிக்க வருமான வரித்துறை முடிவு செய்தது. எல்லோருக்கும் தெரிந்தே நடந்ததால் அது மோசடி ஆகவில்லை. வெறும் பணப் பேரமாக முடிந்தது.

முப்பத்தைந்து நிமிடங்கள்

இந்தியாவில் நிலைமை வேறு. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் எந்தக் காப்பீட்டாளரும் இடரை ஏற்கக்கூடாது. ஆனாலும் மோட்டார் வாகனக் காப்பீட்டில் ஒரு சந்து இருந்தது. பாலிசியில் நேரம் குறிக்கப்படாமல் தேதி மட்டும் இருந்தால், அந்த நாள் நள்ளிரவில் தொடங்கியதாகக் கொள்ளவேண்டும் என்று 1990ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. காலையில் விபத்து நிகழ்ந்து, மாலையில் பாலிசி எடுத்தாலும் காப்பீடு செல்லும் என்பது இதன் விளைவு. இது விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கு நன்மை செய்த தீர்ப்பு என்பதை மறுக்க இயலாது.

காப்பீட்டு நிறுவனங்கள் உடனே விழித்துக்கொண்டு, பாலிசிகளில் நேரத்தையும் எழுதத் தொடங்கின. அவ்வாறு நேரம் எழுதப்பட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்தே பொறுப்பு தொடங்கும் என்று நீதிமன்றமும் பின்னர் ஏற்றது. 1991 டிசம்பர் 10ஆம் தேதி நிகழ்ந்த விபத்து ஒன்று இவ்வாறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விபத்து நிகழ்ந்தது பிற்பகல் 2.20 மணிக்கு. வாகன உரிமையாளர் பாலிசி எடுத்தது அதே நாள் 2.55 மணிக்கு. காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல, உரிமையாளரே இழப்பீடு தரவேண்டும் என்பது தீர்ப்பு.

சட்டப்படி இது சரியான முடிவு. விபத்துக்குப் பின் ஓடிச்சென்று பாலிசி வாங்குவதை அனுமதித்தால் ஒழுங்காகப் பிரீமியம் கட்டுவோர் அனைவரும் அந்தச் சுமையைத் தாங்க நேரிடும். ஆயினும் இறந்தவரின் குடும்பத்தின் நிலையிலிருந்து பார்க்கையில், அந்த 35 நிமிடங்கள் வசதிபடைத்த நிறுவனத்துக்கும், தொகையைச் செலுத்தும் வல்லமை உண்டா என்று தெரியாத தனிமனிதருக்கும் இடையே உள்ள தூரம். கடிகாரம் நேர்மையாக ஓடியபோதும் தவறு செய்யாதவரே இழந்தார். முன்தேதி விவகாரங்களில் இந்த நிலை திரும்பத் திரும்ப வருகிறது.

மார்ச் மாத பாலிசிகள்

ஆயுள் காப்பீட்டில் முன்தேதியிடுவது இந்தியாவில் வெளிப்படையாகவே நடைபெறும் ஏற்பாடு. பிரீமியம் வயதைப் பொறுத்தது. ஒருவர் ஒரு வயது கூடிவிட்ட சில வாரங்களில் பாலிசி எடுக்க வருகிறார் என்றால், பாலிசி தொடங்கும் நாளை அதே நிதியாண்டுக்குள் பின்னோக்கித் தள்ளி, குறைந்த வயதுக்குரிய பிரீமியத்தைப் பெற இயலும். வரிச்சலுகைக்காகப் பலரும் கடைசி நேரத்தில் பாலிசி எடுக்கும் மார்ச் மாதத்தில் முகவர்கள் இதைப் பரிந்துரைப்பது வழக்கம். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குக் குறைந்த பிரீமியம் என்பது கவர்ச்சியானதுதான். ஆனால் பின்னோக்கித் தள்ளப்பட்ட மாதங்களுக்கும் பிரீமியம் கட்டவேண்டும். அந்த மாதங்களில் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இருந்திருக்கவில்லை. அம்மாதங்களில் அவர் இறந்திருந்தால் பாலிசி எடுக்க வந்திருக்கவே மாட்டார். கிடைக்கும் சலுகையையும் காலிமாதங்களின் பிரீமியத்தையும் எழுதிக் கூட்டிப் பார்ப்போர் குறைவு.

இதைவிட முக்கியமானது, இரண்டு தேதிகள் கொண்ட ஒரு பாலிசியில் எந்தத் தேதி எதற்குப் பொருந்தும் என்பது. அடுத்த தவணைக்கான கெடு பாலிசி தொடங்கிய நாளாகக் குறிக்கப்பட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும்போது, அண்மையில்தான் முதல் தவணை கட்டினோம் என்று இருப்பவருக்கு அடுத்த தவணை எதிர்பாராத விரைவில் வந்துவிடுகிறது. தவறவிட்டால் பாலிசி காலாவதியாகும். மறுபுறம், காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பை மட்டுப்படுத்தும் விதிகளுக்கோ உண்மையில் வழங்கப்பட்ட தேதியே கணக்கு. 1990 மார்ச்சில் வழங்கப்பட்டு 1989 மே மாதத்துக்கு முன்தேதியிடப்பட்ட பாலிசி ஒன்றில், காப்பீடு செய்யப்பட்டவர் 1992 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார். மூன்று ஆண்டுகளுக்குள் தற்கொலை நேர்ந்தால் தொகை கிடையாது என்பது அந்த பாலிசியின் நிபந்தனை. முன்தேதியிலிருந்து எண்ணினால் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. வழங்கிய தேதியிலிருந்து எண்ணினால் கடக்கவில்லை. வழங்கிய தேதியே செல்லும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியிலும், இத்தகைய மற்றொரு விவகாரத்தில், பாலிசி வழங்கப்பட்ட நாளே எல்லா நோக்கங்களுக்கும் உரிய நாள் என்று அந்நீதிமன்றம் கூறியது.

2015ஆம் ஆண்டு திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவும் இதே போக்கில் அமைந்துள்ளது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் எந்த ஆயுள் பாலிசியையும் நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது என்பது அதன் சாரம். வாடிக்கையாளருக்குப் பெரும் பாதுகாப்பு. ஆனால் மூன்று ஆண்டுகள் எண்ணத் தொடங்குவது பாலிசி வழங்கிய நாள், இடர் தொடங்கிய நாள், புதுப்பித்த நாள் முதலியவற்றில் எது கடைசியாக வருகிறதோ அதிலிருந்து. ஆக, வாடிக்கையாளர் பணம் செலுத்தத் தொடங்குவது பழைய தேதியிலிருந்து, பாதுகாப்புப் பெறத் தொடங்குவது புதிய தேதியிலிருந்து. முன்தேதியிடும் படிவத்தில் கையெழுத்திடும் எத்தனை பேருக்கு முகவர்கள் இதை விளக்குகின்றனர் என்பது சந்தேகமே.

இரண்டு நாள் கெடு

அமெரிக்காவில் இதே உத்தி பெருநிறுவனங்களின் உயர்மட்டத்தில் வேறு வடிவில் வெளிப்பட்டது. நிர்வாகிகளுக்கு ஊதியத்தின் பகுதியாக, நிறுவனத்தின் பங்குகளைக் குறிப்பிட்ட நாளின் விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை வழங்கப்படுவதுண்டு. அந்த நாள், பங்கு விலை மிகத் தாழ்ந்திருந்த நாளாகவே வியக்கத்தக்க வகையில் அமைந்து வந்ததை அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் லீ 2005இல் புள்ளிவிவரங்களுடன் சுட்டிக்காட்டினார். 2006இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு இதைப் பெரிதாக வெளியிட, விசாரணைகள் தொடங்கின. பல நிறுவனங்களில் விலை ஏறிய பின்னர், பழைய தாழ்ந்த நாளைத் தேர்ந்தெடுத்து ஆவணங்கள் தயாரிக்கப்பட்டிருந்தன. கொம்வர்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த கோபி அலெக்சாண்டர் நமீபியாவுக்குச் சென்று பத்தாண்டுகள் தங்கியிருந்து, 2016இல் திரும்பிவந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் அவருக்கு 30 மாதச் சிறை கிடைத்தது.

இங்கு இழந்தவர்கள் பங்குதாரர்கள். கவனிக்கத்தக்கது என்னவென்றால், இவ்வழக்கத்தைப் பெருமளவு அடக்கியது சிறைத் தண்டனைகள் அல்ல. 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், இத்தகைய உரிமை வழங்கப்பட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் அதைப் பகிரங்கமாகத் தெரிவிக்கவேண்டும் என்று விதித்தது. அதற்கு முன் பல மாதங்கள் கழித்துத் தெரிவித்தால் போதுமாயிருந்தது. இரண்டே நாட்களில் பழைய தேதியைத் தேடிப் பயனில்லை. நாளேட்டில் செய்தி வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கதவு பெரும்பாலும் மூடப்பட்டிருந்தது.

மகள்களின் பங்கு

நிலப் பத்திரங்களில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. இந்தியப் பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நான்கு மாதங்களுக்குள் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும். தக்க காரணம் காட்டி அபராதம் செலுத்தினால் மேலும் நான்கு மாதங்கள் உண்டு. அச்சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி, பதிவான பின்னர் பத்திரம் பதிவுநாளிலிருந்து அல்ல, எழுதப்பட்ட நாளிலிருந்தே உயிர்பெறுகிறது. மாட்டுவண்டியில் பதிவு அலுவலகத்துக்குச் சென்ற காலத்துக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் எழுதப்பட்ட நாள் எது என்பதற்கு அதை எழுதியவர்களின் சொல்லைத் தவிர வேறு சாட்சி பல நேரங்களில் இருப்பதில்லை.

சட்டம் ஒரு கெடு நாளை விதிக்கும்போதெல்லாம், அந்த நாளுக்கு முந்தைய தேதியிட்ட ஆவணங்கள் தோன்றும் ஆபத்தும் உடன் பிறக்கிறது. தமிழக நில உச்சவரம்புச் சட்டம் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்ததாயினும், கணக்குக்கு 1960 ஏப்ரல் 6ஆம் தேதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. சட்டம் வருவது தெரிந்து உறவினர் பெயருக்கு நிலத்தை மாற்றிக்கொண்டோரை அது எட்ட நினைத்தது.

இந்த ஆபத்தால் மிக அதிகமாகப் பாதிக்கப்படக்கூடியவர்கள் பெண்கள். 1989ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு மகள்களுக்கும் வழங்கப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு கொண்டுவந்த இச்சட்டம் நாட்டுக்கே முன்னோடியாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. அந்த நாளுக்கு முன்பே நடந்து முடிந்த பாகப்பிரிவினையையும் அது தொடாது. பாகப்பிரிவினை எவ்வாறு நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. இந்துக் குடும்பங்களில் வாய்மொழியாகவே பாகம் பிரிக்கலாம் என்பது பழைய வழக்கம். ஏற்கனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதைப் பின்னர் நினைவுக்காக எழுதிவைக்கும் குறிப்புக்குப் பதிவும் தேவையில்லை. எனவே சகோதரி வழக்குத் தொடுத்ததும், '1985லேயே பிரித்துவிட்டோம்' என்று சகோதரர்கள் ஒரு குறிப்பைக் கொண்டுவர வழி திறந்திருந்தது. அவ்வாறு வந்த குறிப்புகள் எல்லாம் பொய்யானவை என்று கூற முடியாது. பல குடும்பங்களில் உண்மையாகவே பாகம் பிரிந்திருக்கும். உண்மையையும் பொய்யையும் பிரித்தறிய வழியில்லாமல் போனதுதான் குறை. நிரூபிக்கும் சுமை, வீட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளான மகள் மீது நடைமுறையில் விழுந்தது.

2005ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமாக இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இப்பாடம் கவனத்தில் கொள்ளப்பட்டது. திருத்த மசோதா மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட 2004 டிசம்பர் 20ஆம் தேதியே கெடு நாளாக வைக்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2005 செப்டம்பரில்தான் எனினும், இடைப்பட்ட மாதங்களில் அவசரமாகப் பிரித்துக்கொள்வோருக்குப் பயன் இராது. அத்துடன், பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்தது மட்டுமே என்று விளக்கமும் சேர்க்கப்பட்டது. ஒரே வரியில் அமைந்த அந்த விளக்கம், எந்தக் கையெழுத்து நிபுணரும் செய்ய முடியாததைச் செய்தது. 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகள்களின் உரிமை பிறப்பால் வருவது என்று உறுதி செய்தபோது, வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற வாதத்தைப் பொது ஆவணங்களின் ஆதாரம் உள்ள அரிதான சூழல்களில் மட்டுமே ஏற்கலாம் என்றும் எச்சரித்தது.

பழைய முத்திரைத்தாள்

தேதி பொய்யென்று நிரூபிப்பது எளிதன்று. மையின் வயதைத் துல்லியமாகக் கணிக்கும் வழி இன்றும் நம்பத்தக்கதாக இல்லை. பெரும்பாலான பொய்த் தேதிகள் வெளிப்படுவது ஆய்வகத்தில் அல்ல, சிறு கவனக்குறைவுகளில். 1972 ஆகஸ்டில்தான் இந்தியாவில் அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண் 1968ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. அன்று பிறந்திராத மாவட்டத்தின் பெயரும் அவ்வாறே காட்டிக்கொடுக்கும்.

தமிழகத்தில் இதற்காகவே பழைய முத்திரைத்தாள்கள் தேடப்பட்டன என்பது பத்திரப் பதிவுடன் தொடர்புடைய எவரும் அறிந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற நிலவழக்கு ஒன்றில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைப் பரிசீலித்தது. 1980 ஜனவரித் தேதியிட்ட கிரய ஒப்பந்தம் இரண்டு முத்திரைத்தாள்களில் எழுதப்பட்டிருந்தது. ஒன்று 1973இலும் மற்றது 1978இலும் வாங்கப்பட்டவை. முத்திரைத்தாளுக்குக் காலாவதித் தேதி கிடையாது, ஆறு மாதம் என்று சட்டத்தில் உள்ளது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கு மட்டுமே என்று நீதிமன்றம் விளக்கியது. எனவே பழைய தாளில் எழுதப்பட்டது என்பதால் மட்டும் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. ஆனால் அது முன்தேதியிடப்பட்டது என்று சந்தேகிக்க அதுவும் ஒரு சூழ்நிலை ஆகலாம். இறுதியில் அந்த ஒப்பந்தம் ஏற்கப்படவில்லை.

2012 டிசம்பர் முதல், அசையாச் சொத்து தொடர்பான கிரய ஒப்பந்தங்களும் அதிகார ஆவணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று தமிழகம் சட்டத்தைத் திருத்தியது நல்ல மாற்றம். மின்னணு முத்திரைத்தாளில் நேரமும் எண்ணும் பதிவாவதால் பழைய தாள் தேடும் வேலையும் குறைந்து வருகிறது. ஆனால் 2012 டிசம்பருக்கு முந்தைய தேதியிட்ட பதிவுபெறாத ஒப்பந்தம், அத்திருத்தத்துக்கு வெளியே நிற்கிறது. முப்பது ஆண்டுகள் பழமையானதாகக் காணப்படும் ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்தை உண்மை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்ற பழைய விதியும் நீடிக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் இவ்விதியைப் பிரிவு எண்ணை மட்டும் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டது. மின்னணுச் சான்றுகள் குறித்து இவ்வளவு பேசிய ஒரு சட்டம் இதை மறுபரிசீலனை செய்திருக்கலாம்.

இலங்கையின் மாற்று வழி

இலங்கைச் சட்டம் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கான உறுதி நொத்தாரிசின் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்திடப்பட வேண்டும். நொத்தாரிசு தாம் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளுக்கு வரிசை எண் இட்டு, ஒவ்வொரு மாதத்தின் உறுதிகளையும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பட்டியலுடன் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். பழைய திகதியில் ஓர் உறுதியை நுழைக்க விரும்புவோர் அந்த வரிசை எண்களுக்கு இடையே இடம் தேடவேண்டியிருக்கும். அத்துடன், 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணிக்கு இரு உறுதிகள் இருந்தால், விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. முந்தைய திகதி மட்டும் போதாது. இந்தியாவின் 47ஆவது பிரிவுக்கு நேர் எதிரான தருக்கம் இது.

ஏட்டில் சிறந்த இந்த ஏற்பாட்டையும் போர் பாதித்தது. இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளை இழந்தனர். பதிவேடுகளுக்கும் சேதம் நேர்ந்தது. பதிவேடு இல்லாத இடத்தில் எந்தத் திகதியையும் எழுதலாம், உண்மையான திகதியை நிரூபிக்கவும் இயலாது. வேறொருவர் பத்தாண்டுகள் அனுபவித்த காணியை உரிமையாளர் இழக்க நேரிடும் ஆட்சியுரிமை விதியிலிருந்து, போரால் வழக்குத் தொடர முடியாதோரைக் காக்க 2016இல் சிறப்புச் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க அது வழிசெய்தது. இருபத்தாறு ஆண்டுகளை நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்ட அச்சட்டமும் வெளிப்படையாகச் செய்யப்பட்ட முன்தேதியிடல்தான்.

டொரோன்டோவிலோ பாரிஸிலோ சிங்கப்பூரிலோ வாழும் தமிழருக்கு இவ்விவகாரம் பெரும்பாலும் அதிகார ஆவணம் வழியாகவே வந்து சேர்கிறது. தமிழகத்தில் பவர் பத்திரம் என்றும் இலங்கையில் அட்டோர்னித் தத்துவம் என்றும் வழங்கும் இது, இந்தியச் சட்டப்படி பொதுவாக அதைக் கொடுத்தவர் இறந்ததும் முடிந்துவிடுகிறது. கொடுத்தவர் வெளிநாட்டில் இறந்த செய்தி ஊரில் உடனே பரவுவதில்லை. இறப்புக்குப் பின்னர் எழுதிய கிரயப் பத்திரத்துக்கு இறப்புக்கு முந்தைய வாரத் தேதியிட்டு, நான்கு மாதக் கெடுவுக்குள் பதிவுக்குக் கொண்டுசெல்வது சட்டத்தின் சந்தில் நுழையக்கூடிய மோசடி. இதைத் தடுக்கவே, முகவர் விற்கும்போது உரிமையாளர் உயிருடன் இருப்பதற்கான மருத்துவரின் சான்றைத் தமிழகப் பதிவுத்துறை கோருகிறது. வெளிநாட்டில் இருப்போர் கையில் மற்றொரு சாட்சியும் உண்டு. அவர்கள் மதுரையில் கையெழுத்திட்டதாகப் பத்திரம் கூறும் நாளில் எந்த நாட்டில் இருந்தனர் என்பதைக் கடவுச்சீட்டு முத்திரை சொல்லிவிடும். பழைய கடவுச்சீட்டுகளை எறிந்துவிடுவோர் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இத்தனை ஏற்பாடுகளும் எட்டாத ஆவணம் ஒன்று உண்டு. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெற்றுத்தாளில் எழுதி இரு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். முப்பது ஆண்டு அனுமானம் உயில்களுக்குப் பொருந்தாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் கூறியது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் பதிவுச் சட்டத்தின்படி உயிலை எப்போது வேண்டுமானாலும் பதிவுக்குக் கொண்டுவரலாம், எழுதியவர் இறந்த பின்னரும் கொண்டுவரலாம். அவ்வாறு பதிவான உயிலின் மீதுள்ள அரசு முத்திரை, அது பதிவு நாளுக்குப் பின்னர் எழுதப்படவில்லை என்பதை மட்டுமே உறுதிப்படுத்துகிறது. எந்த நாளில் எழுதப்பட்டது என்பதற்கு அந்த இரு சாட்சிகளே பொறுப்பு, அவர்கள் அப்போது உயிருடன் இருந்தால்.